ரெப்போவை எடிட்டரில் திறக்கும் நீட்சி மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரோ எழுதிய ரெப்போ (ஒரு திட்டத்தின் கோப்புத் தொகுப்பு) ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாலு கோப்பைப் புரட்ட வேண்டும், ஒரு ஃபங்ஷன் எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று தேட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கணினியில் குளோன் செய்து (முழுவதையும் நகலெடுத்து), வேலை முடிந்ததும் அழிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ரெப்போவை எடிட்டரில் திறக்கும் உலாவி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றை நிறுவி, அதன் பட்டனைத் தட்டினால் பக்கத்து டேபில் எடிட்டர் வந்து நிற்கும். ஓடுகிற வரைக்கும் சுகம்தான். நின்றுபோனால்தான் தலைவலி. நீட்சி, உலாவி, கிட்ஹப், எடிட்டர், நடுவில் லாகின் என்று ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள். யாரைப் பிடித்துக் கேட்பது?

இந்த நீட்சிகள் செய்யும் வேலை உண்மையில் மிகச் சின்னது. நீங்கள் இருக்கும் பக்கத்தின் முகவரியைப் படிக்கும். அதிலிருந்து உரிமையாளர் பெயர், ரெப்போ பெயர், பிராஞ்ச் (ரெப்போவின் தனிக் கிளை), கோப்பின் பாதை ஆகியவற்றைப் பிரிக்கும். எடிட்டருக்குப் புரிகிற மாதிரி இன்னொரு முகவரியைக் கட்டிப் புது டேபில் திறக்கும். பெரும்பாலான நீட்சிகள் இதோடு கையைக் கழுவிவிடும். ஆகவே, நீட்சி இல்லாமலும் அதே வேலையைச் செய்து பார்க்கலாம். பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது.

முதலில் கையால் ஒரு தடவை

நீட்சியைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கிட்ஹப் பக்கத்தின் முகவரியில் 'டாட் காம்' என்று இருப்பதை 'டாட் டெவ்' என்று மாற்றி என்டர் தட்டுங்கள். மீதி முகவரியைத் தொட வேண்டாம். இல்லையென்றால் விஎஸ்கோட் டாட் டெவ் என்று எழுதி, சாய்கோடு, கிட்ஹப், மறுபடி சாய்கோடு, பிறகு உரிமையாளர் பெயரும் ரெப்போ பெயரும். ஸ்டாக்பிளிட்ஸ் என்ற எடிட்டரின் முகவரியும் கிட்டத்தட்ட இதே அச்சுதான். கிட்பாட் என்ற சேவை மட்டும் கொஞ்சம் வேறு: அதன் முகவரிக்குப் பின் # போட்டு, ரெப்போவின் முழு முகவரியை அப்படியே ஒட்ட வேண்டும். (அந்தச் சேவை 2025-இல் ஓனா என்று பெயர் மாற்றிக்கொண்டது. உங்கள் நீட்சி இன்னும் பழைய முகவரியையே கட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.)

கையால் போட்டால் திறக்கிறது, பட்டனில்தான் திறக்கவில்லை என்றால் பிழை நீட்சியில் அல்லது உலாவி அதற்குக் கொடுத்திருக்கும் அனுமதியில். கையால் போட்டும் திறக்கவில்லையா? நீட்சி நிரபராதி, அதை விட்டுவிடுங்கள். கோளாறு லாகினிலோ, ரெப்போவின் அனுமதியிலோ, எடிட்டரிலோ இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு: கையால் போட்டால் சரியான கோப்பு, பட்டனில் வேறு எதுவோ. அப்படியானால் நீட்சி முகவரியைத் தப்பாகக் கட்டுகிறது. இரண்டு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் பிசகியது என்பது கண்ணில் பட்டுவிடும்.

இனி அறிகுறிக்குப் போகலாம்.

"பட்டனே காணோம்"

பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். வந்துவிட்டதா? அப்படியானால் காரணம் இதுதான்: கிட்ஹப்பில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உலாவி முழுப் பக்கத்தையும் புதிதாக ஏற்றுவதில்லை. உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் நடுப்பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, முகவரியையும் மாற்றி எழுதிவிடுகிறது. நீட்சியின் ஸ்கிரிப்டோ முழுப் பக்கம் ஏறும்போது ஒரே ஒரு தடவைதான் ஓடும். நீங்கள் முகப்பிலிருந்து ரெப்போவுக்குள் போனதே அதற்குத் தெரியாது. நல்ல நீட்சிகள் இந்த உள்மாற்றத்தைக் கவனித்துப் பட்டனை மறுபடி போடும், பழையவை போடாது. நீட்சியைப் புதுப்பித்தும் இதே கதை என்றால் ரீஃப்ரெஷ் செய்து பழகிக்கொள்ளலாம், அல்லது உலாவியின் மேல்பட்டையில் இருக்கும் நீட்சி ஐகானைத் தட்டலாம். ஐகானைத் தட்டும்போது நீட்சி அந்த நொடியின் முகவரியைத்தான் படிக்கும், எனவே இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

ரீஃப்ரெஷ் செய்தும் வரவில்லையா? நீட்சிக்கு அந்தத் தளத்தைப் பார்க்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் நீட்சியின் விவரப் பக்கத்தில் தள அணுகல் என்று ஒரு பகுதி உண்டு. கிளிக் செய்தால் மட்டும், குறிப்பிட்ட தளங்களில், எல்லாத் தளங்களிலும் என்று மூன்று தேர்வு. முதலாவதில் இருந்தால் நீங்கள் ஐகானைத் தொடும்வரை நீட்சி கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். குறிப்பிட்ட தளங்கள் என்று வைத்துக் கிட்ஹப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எல்லாத் தளங்களிலும்' என்பதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ரெப்போ திறக்கும் நீட்சிக்கு என் மின்னஞ்சல் பக்கத்தில் என்ன வேலை?

நீட்சியை இப்போதுதான் நிறுவினீர்கள், கிட்ஹப் டேப் அதற்கு முன்பே திறந்திருந்தது என்றால் குரோமில் அந்தப் பழைய டேபுக்குள் நீட்சி தானாக நுழையாது. ஒரு ரீஃப்ரெஷ் போதும். மறைநிலைச் சாளரத்தில் பார்க்கிறீர்கள் என்றால், அங்கே நீட்சிகள் இயல்பாகவே அணைந்திருக்கும். தனியாக அனுமதி கொடுத்தால்தான் ஓடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பட்டன் இல்லையென்றால், பெரும்பாலும் கிட்ஹப் தன் பக்க வடிவமைப்பை மாற்றியிருக்கும். கிட்ஹப்பின் பச்சைப் பட்டனுக்குப் பக்கத்தில் என் பட்டனைப் போடு என்று நீட்சி எழுதியவர் சொல்லியிருப்பார். அந்தப் பச்சைப் பட்டனின் உட்பெயர் மாறிவிட்டால் இவர் தேடும் இடமே பக்கத்தில் இருக்காது. 2023-இல் கோடு பார்க்கும் பக்கத்தைக் கிட்ஹப் புதிதாக எழுதியபோது பல நீட்சிகள் இப்படித்தான் படுத்தன. பயனராக நாம் செய்வதற்கு இதில் ஒன்றுமில்லை, புதுப்பிப்பு வரும்வரை ஐகான் அல்லது வலது கிளிக் மெனுதான். அதனால்தான் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, பக்கத்துக்குள் பட்டனைச் செருகுவதை மட்டுமே நம்பியிருக்கும் நீட்சியை நான் தவிர்க்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்தவர் வீட்டுச் சுவரில் அடித்த ஆணி அது.

கிட்ஹப் பக்கத்தை மாற்றி அமைக்கும் வேறு நீட்சிகள் (கோப்பு மரம் காட்டுபவை, வண்ணம் மாற்றுபவை) இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்வது உண்டு.

"நேற்றுவரை ஓடியது, இன்று ஐகான் மங்கிக் கிடக்கிறது"

மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

புதுப்பிப்பு ஒன்று கூடுதல் அனுமதி கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் நீங்கள் சரி சொல்லும்வரை குரோம் அந்த நீட்சியை அணைத்து வைத்துவிடும். இங்கே அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். முகவரியை மாற்றி எழுதும் ஒரு சின்ன நீட்சி திடீரென்று எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கக் கேட்டால், ஏன் என்று கேட்க வேண்டியது நம் கடமை. நீட்சிகள் கை மாறுவது நடக்கிற கதைதான். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற நீட்சி 2020-இல் வேறு ஒருவர் கைக்குப் போனது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் இருக்கிறதென்று கூகுள் அதை நீக்கியது. ரெப்போ நீட்சிகள் இருக்கும் பக்கத்தில் உங்கள் நிறுவனத்தின் தனியார் கோடு இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, நீட்சி, மேனிஃபெஸ்ட் எனப்படும் நீட்சி விதிமுறையின் பழைய 2-ஆம் பதிப்பில் எழுதப்பட்டிருக்கலாம். குரோம் 2024-இலிருந்து அவற்றைப் படிப்படியாக அணைக்கத் தொடங்கி 2025-இல் முழுவதுமாக நிறுத்திவிட்டது. எழுதியவர் 3-ஆம் பதிப்புக்கு மாற்றாவிட்டால் அந்த நீட்சிக்குக் குரோமில் எதிர்காலம் இல்லை. பயர்பாக்ஸ் இரண்டு பதிப்புகளையும் ஏற்கிறது.

மூன்றாவது, அலுவலகக் கணினியாக இருந்தால் நிர்வாகி தடுத்திருக்கலாம். உலாவி மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி இருந்தால் அவரிடமே கேட்டுவிடுவது உத்தமம். சுற்று வழி தேடினால் வீண் வம்பு.

"புள்ளி விசையைத் தட்டினால் ஒன்றும் ஆகவில்லை"

2021 ஆகஸ்டிலிருந்து கிட்ஹப்பிலேயே இந்த வசதி உண்டு. ரெப்போ பக்கத்தில் இருந்துகொண்டு புள்ளி விசையைத் தட்டினால் எடிட்டர் திறக்கும். ஷிப்டோடு சேர்த்துத் தட்டினால் புது டேபில் திறக்கும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபிலும் புள்ளி விசை அதன் வலை எடிட்டரைத் திறக்கும். (இது தெரிந்த பிறகு பலருக்கு நீட்சியே தேவைப்படாது. எனக்கும் அப்படித்தான் ஆனது.)

தட்டியும் திறக்கவில்லையென்றால், கர்சர் ஏதாவது தேடல் பெட்டிக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டிக்குள் இருந்தால் புள்ளி, புள்ளியாகத்தான் விழும். பக்கத்தின் வெற்றிடத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டுத் தட்டுங்கள். அடுத்து, கிட்ஹப் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகளை அணைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. எப்போதோ அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். விமியம் மாதிரி விசைப்பலகையால் உலாவியை ஓட்டும் நீட்சிகள் ஒற்றை விசைகளைத் தாங்களே பிடித்துக்கொள்ளும், கிட்ஹப்புக்கு விட்டுக்கொடுக்காது. அவற்றில் கிட்ஹப்பை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எழுத்து விசைகளைக் குறுக்குவழியாக வைத்திருக்கும் நீட்சிகளுக்கு, விசைப்பலகை தமிழில் இருந்தால் வேறு எழுத்து போய்ச் சேரும். ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டுங்கள்.

"திறக்கிறது, ஆனால் வேறு பிராஞ்ச்"

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். மற்ற பிழைகளில் ஒன்றும் திறக்காது, நமக்குத் தெரிந்துவிடும். இதில் எல்லாம் அழகாகத் திறக்கும். கோப்புப் பெயர்கள் அதேதான், உள்ளே இருக்கும் கோடும் கிட்டத்தட்ட அதேதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிழைத்திருத்த பிராஞ்சில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் திருத்திக் கமிட்டும் செய்தேன் (மாற்றங்களை ரெப்போவில் பதிவு செய்தேன்). அப்புறம் பார்த்தால் எல்லாம் 'மெயின்' என்ற முதன்மை பிராஞ்சில் போய் விழுந்திருக்கிறது. எடிட்டரின் கீழ்மூலையில் பிராஞ்ச் பெயர் எழுதியிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பிராஞ்ச் பெயரில் # குறியும் பிழை எண்ணும் இருந்தன. வினை அங்கேதான்.

முகவரியில் # வந்தால் அதற்குப் பிறகு வருவது பக்கத்துக்குள் இருக்கும் இடக்குறி என்று உலாவி எடுத்துக்கொள்ளும், அதைச் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. ஆகவே கிட்ஹப் தன் முகவரிகளில் அந்தக் குறியை %23 என்று எழுதுகிறது. நீட்சி அதைப் படிக்கும்போது # ஆக மாற்றிக்கொண்டு, புது முகவரி கட்டும்போது திரும்ப %23 ஆக்க மறந்துவிட்டால் பிராஞ்ச் பெயர் அந்த இடத்தோடு அறுந்துவிடும். பாதிப் பெயரில் பிராஞ்ச் இல்லையே என்று சில எடிட்டர்கள் பிழை காட்டும். சில ஒன்றும் சொல்லாமல் இயல்பு பிராஞ்சைத் திறந்துவிடும். நான் பயன்படுத்தியது இரண்டாம் ரகம்.

சாய்கோடு இன்னொரு தொல்லை. 'அம்சம்/லாகின்' என்று பிராஞ்சுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள், அதற்குள் ஒரு கோப்புறையைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். முகவரியில் எல்லாம் சாய்கோட்டால் பிரிந்து நீளமாக நிற்கும். பிராஞ்ச் பெயர் எங்கே முடிகிறது, கோப்பின் பாதை எங்கே தொடங்குகிறது என்பது முகவரியை மட்டும் பார்க்கும் நீட்சிக்குத் தெரிய வழியே இல்லை. கிட்ஹப் சர்வருக்கு இந்தக் குழப்பம் வராது. ஏனென்றால் 'அம்சம்' என்று ஒரு பிராஞ்ச் இருந்தால் 'அம்சம்/லாகின்' என்று இன்னொன்றை வைக்கக் கிட் (கிட்ஹப்புக்கு அடியில் ஓடும் பதிப்பு மேலாண்மை மென்பொருள்) அனுமதிக்காது, பட்டியலைப் பார்த்துச் சர்வர் சரியாகப் பிரித்துவிடும். முதல் சாய்கோட்டோடு வெட்டும் நீட்சியோ 'அம்சம்' என்ற இல்லாத பிராஞ்சைத் தேடிப் போகும்.

பழைய நீட்சிகளில் மூன்றாவதாக ஒன்று: ரெப்போவின் முகப்பில் இருக்கும்போது முகவரியில் பிராஞ்ச் பெயரே இருக்காது. அப்போது 'மாஸ்டர்' என்று தானாகப் போட்டுக்கொள்ளும்படி எழுதியிருப்பார்கள். 2020 அக்டோபர் 1 முதல் கிட்ஹப்பில் புது ரெப்போக்களின் இயல்பு பிராஞ்ச் 'மெயின்'. பழைய நீட்சி, புது ரெப்போ என்றால் பிழைதான்.

மூன்றுக்கும் ஒரே கைவைத்தியம் உண்டு. கிட்ஹப்பில் கோப்பைப் பார்க்கும் பக்கத்தில் ஆங்கிலக் கீபோர்டின் 'ஒய்' விசையைத் தட்டுங்கள். முகவரியில் பிராஞ்ச் பெயர் போய், அந்தக் கமிட்டின் 40 எழுத்து அடையாளம் வந்து உட்காரும். அதில் சாய்கோடும் கிடையாது, # குறியும் கிடையாது, எந்த நீட்சியும் அதில் தடுக்கி விழாது. படிக்க மட்டும் வேண்டுமென்றால் இதோடு வேலை முடிந்தது. திருத்தப் போகிறீர்கள் என்றால் எடிட்டருக்குள் சரியான பிராஞ்சுக்கு மாறிக்கொண்ட பிறகு கை வையுங்கள், வெறும் கமிட்டின் மேல் கமிட் செய்ய முடியாது. எதுவானாலும் கீழ்மூலையில் பிராஞ்ச் பெயரைப் படித்த பிறகு முதல் எழுத்தைத் தட்டும் பழக்கம் வந்துவிட்டால் நல்லது.

"404 காட்டுகிறது, ஆனால் ரெப்போ இருக்கிறதே"

இருக்கிறது, உங்களுக்குத் தெரிகிறது, எடிட்டருக்குத் தெரியவில்லை. தனியார் ரெப்போவை அனுமதி இல்லாத ஒருவர் கேட்டால், 'அனுமதி இல்லை' என்று கிட்ஹப் சொல்வதில்லை. 'அப்படி ஒன்று இல்லை' என்றுதான் சொல்லும். இருக்கிறது என்ற தகவலைக்கூட வெளியே விடக் கூடாது என்பதற்காக. எனவே 404 பார்த்ததும் பெயரில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எடிட்டர் எந்தக் கணக்கில் உள்ளே வந்திருக்கிறது என்று பாருங்கள். அலுவலகத்துக்கு ஒன்று, சொந்தமாக ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் சந்தேகம். கிட்ஹப் டேபில் ஒரு கணக்கு, எடிட்டர் டேபில் இன்னொன்று.

கணக்கு சரி என்றால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பாருங்கள். கிட்ஹப்பில் ஒரு நிறுவனக் கணக்கு, வெளி ஆப்கள் தன் ரெப்போக்களைத் தொடக் கூடாது என்று தடுத்து வைக்க முடியும். நீங்கள் அனுமதி கொடுத்தாலும் நிறுவன நிர்வாகி ஒப்புக்கொள்ளும்வரை எடிட்டருக்கு அந்த ரெப்போ எட்டாது. ஒற்றை உள்நுழைவு முறை வைத்திருக்கும் நிறுவனங்களில், டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் சாவி) தனியாக அந்த நிறுவனத்துக்கு என்று அங்கீகரிக்க வேண்டும். சில மாதங்கள் ஓடிவிட்டு திடீரென்று நின்றால் இதையும் சந்தேகியுங்கள்.

அனுமதி கொடுக்கும்போது என்ன கேட்கிறார்கள் என்பதைப் படியுங்கள். பழைய பாணி ஆப்கள் 'ரெப்போ' என்ற ஒரே அனுமதியைக் கேட்கும். அது உங்களுக்கு எட்டும் எல்லாத் தனியார் ரெப்போக்களையும் படிக்கவும் எழுதவும் சாவி கொடுப்பது. ஒரு கோப்பைப் பார்க்க இவ்வளவு பெரிய சாவிக்கொத்து தேவையில்லை. ரெப்போவைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுக்கும் வழி இருந்தால் அதையே எடுங்கள்.

"லாகின் திரை சுற்றிச் சுற்றி வருகிறது"

உள்நுழைகிறீர்கள், எடிட்டருக்குத் திரும்புகிறது, மறுபடி உள்நுழையச் சொல்கிறது. குக்கீ சேராததுதான் பெரும்பாலும் காரணம். மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுக்கும் அமைப்பு, கண்காணிப்புத் தடுப்பான், உலாவியை மூடினால் எல்லாவற்றையும் அழிக்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் எடிட்டரின் தளத்துக்கு மட்டும் தளர்த்திப் பாருங்கள். பயர்பாக்ஸில் கன்டெய்னர் டேப்கள் (லாகின்களைத் தனித்தனியே பிரித்து வைப்பவை) வைத்திருந்தால், கிட்ஹப் ஒரு கன்டெய்னரிலும் எடிட்டர் இன்னொன்றிலும் திறந்து, ஒன்றின் லாகின் மற்றதற்குத் தெரியாமல் போயிருக்கும். பாப்அப் தடுக்கப்பட்டிருந்தால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்னக் குறி தெரியும். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: கணினியின் நேரம் தப்பாக இருந்தாலும் டோக்கன் காலாவதி ஆனதாகக் கணக்காகி இப்படிச் சுற்றலாம்.

"403 அல்லது வரம்பு தாண்டியது என்கிறது"

குளோன் செய்யாமல் கோப்புகளைக் காட்டும் எடிட்டர்கள் கிட்ஹப்பின் ஏபிஐயிடம்தான் (நிரல்கள் தகவல் கேட்பதற்கான வாசல்) ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகின்றன. உள்நுழையாமல் கேட்டால் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கை. உள்நுழைந்தால் மணிக்கு 5000. அறுபது என்பது ஒரு நடுத்தர ரெப்போவில் கோப்புறைகளைத் திறந்து திறந்து பார்த்தாலே தீர்ந்துவிடும். ஒரே அலுவலக இணைப்பில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் சேர்த்து அந்த அறுபதுதான். நீங்கள் இன்று ஒன்றுமே திறக்காமல் இருந்தும் வரம்பு தாண்டியதாக வருவதன் ரகசியம் இதுவே.

உள்நுழைந்துவிடுங்கள், தீர்ந்தது. எடிட்டர் டோக்கன் கேட்டால், நுண்ணிய அனுமதி கொண்ட புதுவகை டோக்கனை உருவாக்கி, படிக்க மட்டும், காலாவதித் தேதியோடு கொடுங்கள். பொது ரெப்போவைப் படிக்க டோக்கனில் எந்தத் தனி அனுமதியும் சேர்க்க வேண்டியதே இல்லை. அவசரமில்லையென்றால் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் எண்ணிக்கை புதுசாகும்.

"சில கோப்புகள் இல்லை, சில கோப்பில் மூன்றே வரி"

மிகப் பெரிய ரெப்போவில் கோப்பு மரம் பாதியோடு நின்றால் அது ஏபிஐயின் எல்லையாக இருக்கலாம். மரம் முழுவதையும் ஒரே தடவை கேட்டால் 1,00,000 உருப்படி அல்லது 7 எம்பி வரைதான் கிட்ஹப் தரும், மீதியை வெட்டிவிட்டு 'வெட்டப்பட்டது' என்று ஒரு குறி வைக்கும். ஒரு கோப்புறையின் உள்ளடக்கத்தைத் தனியாகக் கேட்டால் 1000 கோப்பு வரை. இந்தக் குறியைப் பார்த்து மீதியைத் திரும்பக் கேட்காத எடிட்டரில் உங்கள் கோப்பு கண்ணில் படாது. தேடினாலும் கிடைக்காது. தேடியது கிடைக்கவில்லை என்பதால் அந்த ஃபங்ஷனே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கிட்ஹப்பின் சொந்தத் தேடலில் ஒரு தடவை சரிபாருங்கள்.

படமோ தரவுக் கோப்போ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வரி உரை, அதில் ஒரு நீண்ட எண்ணும் அளவும் இருந்தால் அது எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் முறை) சுட்டி. உண்மையான கோப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கோப்புறை காலியாக இருந்து, கிட்ஹப்பில் அதன் பெயருக்குப் பக்கத்தில் @ போட்டு கமிட் அடையாளம் தெரிந்தால் அது சப்மாட்யூல், அதாவது உள்ளே இணைத்த இன்னொரு ரெப்போ. அந்த ரெப்போவைத் தனியாகத் திறக்க வேண்டும்.

"டெர்மினல் இல்லை, ஓட்ட முடியவில்லை"

இது பழுதே அல்ல, எடிட்டர் வகையில் வந்த குழப்பம். பட்டன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் நேர்வது.

கிட்ஹப் டாட் டெவ், விஎஸ்கோட் டாட் டெவ் இரண்டும் உலாவிக்குள் மட்டும் வாழ்பவை. பின்னால் கணினி எதுவும் இல்லை, ஆகவே டெர்மினல் (கட்டளை தட்டும் சாளரம்) இல்லை, பைத்தானோ ஜாவாவோ ஓடாது. உலாவிக்குள் ஓடும்படி எழுதப்பட்ட எடிட்டர் நீட்சிகள் மட்டுமே இங்கே நிறுவ முடியும். உங்கள் கணினியில் இருக்கும் பத்தில் சில இங்கே சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான்.

ஸ்டாக்பிளிட்ஸ் 2021-இல் கொண்டுவந்த வெப்கன்டெய்னர் நடுவில் நிற்கிறது: வழக்கமாக உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடை உலாவிக்குள்ளேயே ஓட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களுக்கு அபாரம். ஆனால் அதற்கு ஷேர்டு அர்ரே பஃபர் என்ற வசதி வேண்டும். 2018-இல் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறை வெளியான பிறகு உலாவிகள் அதை முடக்கின. தனிமைப்படுத்தப்பட்ட பக்கங்களுக்கு மட்டுமே பின்னர் திரும்பக் கொடுத்தன. ஆகவே கடுமையான தடுப்பான்கள், பழைய உலாவிகள், இன்னொரு தளத்துக்குள் பதித்த சாளரம் ஆகிய இடங்களில் இது பாதியில் நின்றுவிடும். தனி டேபில் திறந்து, தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

முழுக் கணினி வேண்டுமென்றால் கிட்ஹப்பின் கோடுஸ்பேசஸ் போன்றவைதான். இலவசத் தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி, 15 ஜிபி சேமிப்பு. கோர்-மணி என்பதைக் கவனியுங்கள்: இரண்டு கோர் இயந்திரம் என்றால் 60 மணி நேரம்தான். தொடாமல் விட்டால் இயல்பாக 30 நிமிடத்தில் நின்றுவிடும், 30 நாள் தொடாமல் இருந்தால் அழிந்தும்விடும். இன்னொரு விஷயம், இங்கே ரெப்போவைத் திறப்பது என்றால் அதில் எழுதியிருக்கும் தொடக்கக் கட்டளைகளை ஓட்டுவதும்தான். முன்பின் தெரியாதவர் ரெப்போவை வெறுமனே படிக்க வேண்டுமென்றால் முதல் வகையில் திறப்பதே மேல்.

"வெள்ளைத் திரை மட்டும்"

இதற்கு இணையத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை 'தளத்தின் தரவை அழியுங்கள்' என்பதுதான். தயவுசெய்து அதைக் கடைசியாக வையுங்கள். கிட்ஹப் டாட் டெவ்வில் நீங்கள் செய்த திருத்தங்கள் கமிட் செய்யும்வரை உங்கள் உலாவியின் உள்சேமிப்பில்தான் இருக்கின்றன, வேறெங்கும் நகல் இல்லை. தரவை அழித்தால் வெள்ளைத் திரையோடு சேர்த்து அதுவும் போகும்.

முதலில் அதே முகவரியை வேறு உலாவி சுயவிவரத்தில், எந்த நீட்சியும் இல்லாமல் திறந்து பாருங்கள். திறந்தால், பழைய சுயவிவரத்தில் ஏதோ ஒரு நீட்சி (விளம்பரத் தடுப்பானை முதலில் பாருங்கள்) எடிட்டரின் துணைக் கோப்புகளைத் தடுக்கிறது. அங்கும் வெள்ளைத் திரை என்றால் நெட்வொர்க் பக்கம் பாருங்கள்: உலாவியின் டெவலப்பர் கன்சோலைத் திறந்து சிவப்பு வரிகளில் எந்தத் தளத்தின் பெயர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எடிட்டர் தன் பாகங்களை வேறு பெயருள்ள சர்வர்களிலிருந்து எடுக்கும், அலுவலகத் தடுப்புச் சுவர் முதன்மைத் தளத்தை விட்டுவிட்டு அவற்றைத் தடுத்திருக்கும். மொபைல் இணைப்பில் திறந்து பார்த்தால் உறுதியாகிவிடும். இரண்டும் இல்லை, கமிட் செய்யாத திருத்தம் எதுவும் உள்ளே இல்லை என்பதும் நிச்சயம் என்றால் மட்டும் தரவை அழியுங்கள்.

"அலுவலகத்தின் சொந்த சர்வரில் இருக்கும் ரெப்போ திறக்கவில்லை"

பட்டன் வரவில்லையென்றால் நீட்சியின் தளப் பட்டியலில் உங்கள் சர்வரின் பெயர் இல்லை. சில நீட்சிகள் அமைப்புகளில் சேர்க்க விடும். பட்டன் வந்து, எடிட்டரும் வந்து, ரெப்போ மட்டும் வரவில்லையென்றால் காரணம் எளிது: மேகத்தில் இருக்கும் எடிட்டரால் உங்கள் விபிஎன்னுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நீட்சியை எவ்வளவு திருகினாலும் இது தீராது. கிட்லேபை உள்ளேயே நிறுவியிருந்தால் அதன் சொந்த வலை எடிட்டர்தான் வழி.

எழுதியவரிடம் புகார் சொல்வதென்றால்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, கையால் போட்ட முகவரி திறக்கிறது, நீட்சிதான் தப்பு என்று உறுதி. நீட்சியின் ரெப்போவில் புகார் எழுதும்போது 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி போட்டால் பதில் வராது. நீங்கள் இருந்த பக்கத்தின் முகவரி, நீட்சி கட்டிய முகவரி, கையால் போட்டுத் திறந்த முகவரி ஆகிய மூன்றையும் போடுங்கள். உலாவி, நீட்சி இரண்டின் பதிப்பு எண்ணையும் சேருங்கள். தனியார் ரெப்போவாக இருந்தால் அதே மாதிரி பிராஞ்ச் பெயரோடு பொது ரெப்போ ஒன்றை உருவாக்கிக் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலைதான். கன்சோலின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்க்கும் முன் அதில் டோக்கன் எதுவும் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தெரிகிற படத்தை ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் படத்தை நீக்கினால் மட்டும் போதாது, அந்த டோக்கனையே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.